சமையல்காரர் அழகிரியின் அந்தஸ்து

அழகிரி ஒரு சமையல்காரர் என்பதில் ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அவர் வைக்கிற வத்தக்குழம்பில் புளி தூக்கலா இல்லையா என்று சம்பந்தி வீட்டார் முறைத்துக்கொண்டதுண்டு. பால் பாயசத்தைப் பற்றி இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் ஆள் யார் என்று கேட்டால் இரண்டு கட்சியும் ஒரே பதிலைத்தான் சொல்லும். அப்படிப்பட்ட விஷயத்தை முடிவு செய்ய ஒரு பேரவையும், துணைக்குழுக்களும், இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கும் தேவைப்பட்டன என்றால் பழியை அழகிரி மேல் போடக் கூடாது. போர் என்று வந்துவிட்டால் அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. சட்டம் என்று இருந்தால் அதற்கென்று நாலு பேர் இருக்கத்தானே செய்வார்கள்.

வெளிநாட்டில் சாலை போடும் கம்பெனி ஒன்றின் முகாமில் சமைப்பதற்காக அழகிரி போனார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். இப்போது சண்டை நடக்கிற நாடுகளில் உங்களுக்குத் தோன்றியதை வைத்துக்கொள்ளுங்கள், கதை மாறாது. அவர் போன கொஞ்ச நாளில் அந்த நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் சண்டை மூண்டது. சாலைத் தொழிலாளிகள் இருந்த முகாமில் சிப்பாய்களும் வந்து தங்கினார்கள். சாப்பாட்டு வேளைக்கு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அழகிரி பரிமாறினார்.

இது எங்கள் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர்களின் பழக்கம். பந்தியில் உட்கார்ந்துவிட்டவனை நீ யார் என்று கேட்கக் கூடாது. பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, மண்டபத்து வழியாகப் போனவனா என்று விசாரிக்கிற சமையல்காரனை அடுத்த முகூர்த்தத்துக்கு எவரும் கூப்பிட மாட்டார்கள். வாழ்நாள் பூராவும் அப்படியே இருந்த மனுஷரிடம் போய், துப்பாக்கி வைத்திருப்பவனுக்குச் சோறு போடாதே என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

ஒரு நாள் டிரோன் வந்து சமையல்கூடத்தின் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஆளுக்குச் சேதமில்லை, ஓர் அண்டா பொங்கல் போயிற்று. அடுத்த வாரம் பக்கத்து நாட்டுப் படையே நேரில் வந்துவிட்டது. சரியாகச் சாப்பாட்டு நேரம். மற்ற எல்லாரும் பதுங்கு குழிக்கு ஓடினார்கள். அழகிரியால் ஓட முடியவில்லை, ரசம் பாக்கி இருந்தது. கையில் கரண்டியோடு நின்றவர், வாசலில் துப்பாக்கியோடு நின்ற புதிய ஆட்களைப் பார்த்து, பழக்க தோஷத்தில், அடுத்த பந்திக்கு உட்காரும்படி கையைக் காட்டினார். அவர்களும் பசியில் உட்கார்ந்தார்கள். திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுக் கைது செய்தார்கள். அப்போது அழகிரி வேட்டிக்கு மேலே பச்சையும் பழுப்புமான ராணுவச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். மார்கழிக் குளிருக்கே மப்ளர் சுற்றுகிற ஆள் என்று இரக்கப்பட்டு ஒரு சிப்பாய் கொடுத்த பழைய சட்டை அது.

அவர் மனைவி ஆனந்தவள்ளி ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டூவீலர் ஸ்டாண்டு நடத்துகிறவர். டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து சட்டம் பேசுகிறவர்களை அன்றாடம் சமாளித்தவர்தான் என்றாலும் போர்ச் சட்டம் அவருக்குப் புதிது. தூதரகத்திலிருந்து ஒருவர் போனில் விளக்கினார்.

"கைதிகள்ல சண்டை போடாத பொதுமக்களை மட்டும் இந்த மாசக் கடைசியில ஃப்ளைட்ல அனுப்புறாங்கம்மா. சிப்பாய்னு முடிவானவங்க சண்டை முடியுற வரைக்கும் அங்கதான்."

"சண்டை எப்ப சார் முடியும்?"

"அது வேற செக்‌ஷன். போர்ச் சட்டம் தெரிஞ்சவங்க யாராவது இவர் பொதுஜனம்னு ஒரு லெட்டர் குடுத்தா, தேவைப்பட்டா காட்டலாம். உங்க ஊர்லயே தென்னூர்ல ஒரு பேரவை இருக்காமே."

இருந்தது. ஒரு மருந்துக் கடையின் மாடியில் அகில உலகப் போர்ச் சட்டப் பேரவை இருந்தது. படிக்கட்டின் முடிவில் 'செருப்பையும் ஆயுதங்களையும் வெளியே விடவும்' என்று பலகை தொங்கியது. ஆனந்தவள்ளி செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். செயலாளர் ஜூட் எழுந்து நின்று வரவேற்றார். நாற்பது வயது வக்கீல், வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷர். ஆனால் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் போர்களில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பது பேரவையின் விதி. எல்லாப் போருக்கும் சேர்த்து நின்றால் ஒன்றுக்குக் கூடுதலாகவும் ஒன்றுக்குக் குறைவாகவும் துக்கம் போய்விடும் என்பதால் போருக்கு ஒரு நிமிஷம் தனித்தனியாக நின்றார்கள். அன்றைய தேதிக்கு உலகத்தில் நிறையப் போர்கள் நடந்துகொண்டிருந்தன. டீ ஆறிப் போனது.

"உட்காருங்கம்மா. இப்ப சொல்லுங்க. அவர் சிப்பாய்ங்களுக்குச் சாப்பாடு போட்டாரா?"

"உட்கார்ந்தா போடுவாரு சார்."

"எந்தத் தரப்புச் சிப்பாய்ங்களுக்கு?"

"ரெண்டு தரப்புக்கும்தான்."

ஜூட் பேனாவைக் கீழே வைத்தார். பல வருஷம் சளியும் காய்ச்சலுமாகப் பார்த்துச் சலித்த டாக்டருக்குப் பெயர் தெரியாத வியாதியோடு ஒரு நோயாளி வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். "ரெண்டு பக்கப் படைக்கும் உதவி பண்ண ஒரே ஆளும்மா உங்க வீட்டுக்காரர். இப்படி ஒரு கேஸ் எங்களுக்கு வந்ததே இல்லை."

"கேஸெல்லாம் வேண்டாம் சார். இவர் சமையல்காரர்னு ஒரு வரி எழுதி, சீல் போட்டுக் குடுங்க. போதும்."

"ஒரு வரியா?" ஜூட்டுக்கு வருத்தமாகிவிட்டது. "ஒரு வரியில புரியுற மாதிரி எழுதுனா அதைச் சட்டம்னு யாரும்மா மதிப்பாங்க? கவலைப்படாதீங்க. இதுக்குன்னே ஒரு கருத்தரங்கு போட்டுருவோம். போன வருஷம் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல சண்டையை நிறுத்திட்டாங்க, பேரவைக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. இந்த வருஷம் கடவுள் புண்ணியத்துல பரவாயில்லை."

கருத்தரங்கு கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹோட்டலின் குளுகுளு மண்டபத்தில் நடந்தது. பேனர் வேலையைப் பாலக்கரை ஃப்ளெக்ஸ் கடை ஒன்றில் போனிலேயே சொல்லியிருந்தார்கள். போர், அழகிரி, போட்டோ பெரிதாக வேண்டும். கடைக்காரர் அனுபவசாலி. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மண்டப வாசலில் அழகிரி பத்தடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சந்தன மாலை, இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு, தலைக்கு மேலே பறக்கிற வெள்ளைப் புறா. வந்த பிரதிநிதிகள் ஒவ்வொருவராகக் கீழே பூவைப் போட்டுவிட்டு ஆனந்தவள்ளியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் திரும்பிப் பேனரைப் பார்த்தார். அப்புறம் கோபம் வந்தது.

"உசுரோட இருக்குற மனுஷனுக்கு மாலை போட்டு வச்சிருக்கீங்களே சார், எடுங்க இதை."

"மாலையைப் பார்க்காதீங்கம்மா, புறாவைப் பாருங்க. அது சமாதானம்" என்றார் ஜூட். ஆனந்தவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறப் போனதும், மாலைக்கு மேல் செய்தித்தாளை ஒட்டி மறைத்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது.

முதலில் பேசியவர் ஓய்வு பெற்ற கர்னல் செந்தமிழன். "போர் என்பது என்ன? பசி" என்று ஆரம்பித்தார். "பசித்த சிப்பாய் சுடுவானா? மாட்டான். சாம்பார் சாதம் சாப்பிட்ட சிப்பாய்? சுடுவான். அப்படியானால் அந்தத் துப்பாக்கியில் குண்டு போட்டவர் யார் என்று நான் இந்தச் சபையைக் கேட்கிறேன்." அடுத்துக் கர்னல் தம் சொந்தக் கதைக்கு வந்தார். ராணுவத்தில் அவர் பார்த்ததெல்லாம் அரிசி, பருப்பு, வெங்காயம் சப்ளை செய்யும் பிரிவு. எல்லைப்பக்கம் போனது ஒரு தடவை, அதுவும் உருளைக்கிழங்கு லாரியில். "சமையல்காரன் போராளி இல்லை என்று இன்றைக்கு நீங்கள் தீர்மானம் போட்டால், அப்புறம் நான் யார்? என் சட்டையில் இருக்கிற இந்த மெடல்களெல்லாம் எதற்கு?" என்று தழுதழுத்தார். மண்டபம் கலங்கிவிட்டது. அவருடைய மெடலைக் காப்பாற்றியாக வேண்டும் என்ற எண்ணம் எல்லார் முகத்திலும் தெரிந்தது.

அடுத்தது துவாக்குடியிலிருந்து வந்திருந்த டாக்டர் யாழினி. டிரோன்களின் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். திரையில் சமையல்கூடத்தை மேலிருந்து எடுத்த படத்தைப் போட்டார். கறுப்பு மைதானத்தின் நடுவே அண்டா மட்டும் வெள்ளையாக ஜொலித்தது.

"சூடான, உருண்டையான, உலோகப் பொருள். சுத்தி ஆட்கள் வரிசையா நிக்குறாங்க. கம்ப்யூட்டர் இதை நூத்துக்குத் தொண்ணூறு ராக்கெட் லாஞ்சர்னு சொல்லுச்சு. மீதிப் பத்துதான் பொங்கல்."

"ஆனா அது பொங்கல்தானேம்மா?" என்று கேட்டார் ஆனந்தவள்ளி.

"ரிசல்ட்டுல பொங்கல்தான். ஆனா கம்ப்யூட்டர் தப்புப் பண்ணலை. அண்டாதான் லாஞ்சர் மாதிரி நடந்துக்கிச்சு. சட்டப்படி முன்னெச்சரிக்கையும் குடுத்திருக்காங்க. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் போனுக்கு எஸ்எம்எஸ் போயிருக்கு."

"எந்த பாஷையில?"

"அவங்க பாஷையில."

"அவருக்குத் தமிழைத் தவிர ஒண்ணும் தெரியாதே."

"அது மொழி சம்பந்தப்பட்ட பிரச்சினை, போர்ச் சட்டத்துல வராது" என்று சொல்லிவிட்டு யாழினி அடுத்த படத்துக்குப் போனார். அதுவும் அண்டாதான், கொஞ்சம் நெருக்கத்தில்.

மத்தியானத்துக்கு மேல் மாதிரி விசாரணை. சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் அழகிரிக்காக வாதாடுவதாக ஏற்பாடு. நீதிபதிகள் மேடையில் கர்னல், யாழினி, நடுவில் பேரவைத் தலைவர் பேராசிரியர் ரங்கநாதன். ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரர். பளிச்சென்று திருமண் இட்டு, பட்டுக்கரை அங்கவஸ்திரம் போட்டு, நாற்பது வருஷமாகப் போர்ச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். எல்லாம் தயார், ஒரு குறைதான். கைது செய்த நாடாக நடிக்க வேண்டியவருக்கு டில்லியில் விமானம் தவறிவிட்டது. காலியாக இருந்தவர் ஆனந்தவள்ளி ஒருவர்தான். 'கைது செய்த நாடு' என்று எழுதிய பலகைக்குப் பின்னால் அவரை உட்கார வைத்தார்கள்.

"கைது செய்த தேசம் தன்னோட நிலைப்பாட்டைச் சொல்லலாம்" என்றார் ரங்கநாதன்.

ஆனந்தவள்ளி மைக்கைப் பிடித்தார். "நான் அவரை அனுப்பிடுறேன் சார். இன்னைக்கே."

வாதாட எழுந்த மாணவர், வாதாட ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தார். மேடையில் மூன்று தலைகளும் சேர்ந்தன.

"எந்த அடிப்படையில அனுப்புறீங்க?" என்றார் கர்னல்.

"அவரு சமையல்காரரு."

"அதைத்தானே முடிவு பண்ண வந்திருக்கோம்."

"பிடிச்சு வச்சிருக்குறது நான்தானே சார்? நானே விடுறேங்குறேன். உங்களுக்கு என்ன?"

தலைகள் மறுபடியும் சேர்ந்தன. ரங்கநாதன் தீர்ப்பை வாசித்தார். கைது செய்த நாடு உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது. தகுந்த சட்டக் காரணம் காட்டாமல் ஒரு கைதியை வீட்டுக்கு அனுப்பினால் அது நாளைக்குத் தவறான முன்னுதாரணமாகிவிடும். ஆகவே அந்த நாட்டின் வாதம் தள்ளுபடி செய்யப்படுகிறது. அழகிரியை விடுவிக்க எதிரி தயாராக இருந்தும், குளுகுளு மண்டபம் விடுவதாக இல்லை.

இரண்டாம் நாள் முழுக்கச் சட்டையைப் பற்றிப் போயிற்று. வேட்டி கட்டியிருந்ததால் இடுப்புக்குக் கீழே பொதுஜனம் என்பதில் ஒருமித்த கருத்து ஏற்பட்டது. மேல் பாதியில் உடன்பாடு எட்டப்படவில்லை. சாயங்காலம் ரங்கநாதன் இறுதிக் கருத்துரையை அறிவிக்க எழுந்தார்.

"ஸ்ரீமான் அழகிரி ஆயுதம் எடுக்கலை. வாஸ்தவம். ஆனா சேனையோட இருந்திண்டு, சேனைக்கு அன்னம் படைச்சிருக்கார். அப்படிப்பட்டவாளுக்குன்னு ஜெனீவா ஒப்பந்தத்திலே விசேஷமா ஒரு ஸ்தானம் வச்சிருக்கா. அவர் சிப்பாய் இல்லை. ஆனாலும் பிடிபட்டா போர்க்கைதின்னு கௌரவமா நடத்தணும். புகையிலை போட்டுக்கலாம், பந்து விளையாடலாம், ஆத்துக்குக் கடுதாசி எழுதலாம். இவர் சாமான்யமான பொதுஜனம் இல்லை, போர்க்கைதி அந்தஸ்துக்குப் பாத்தியப்பட்டவர்னு இந்தப் பேரவை ஏகமனதாச் சொல்றது."

கை தட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தவள்ளி எழுந்து நின்றார்.

"சாமி, போர்க்கைதின்னா ஃப்ளைட்ல ஏத்துவாங்களா?"

"ஃப்ளைட் சாமான்ய ஜனங்களுக்குத்தான். அவாளுக்கு ஒரு அந்தஸ்தும் கிடையாது, ஏத்தி அனுப்பிச்சுடுவா, அவ்வளவுதான். போர்க்கைதியை அப்படி அலட்சியமா அனுப்பப்படாது. யுத்தம் முடியற வரைக்கும் ஜாக்கிரதையா வச்சுக்கணும்."

"எனக்கு அந்தஸ்தெல்லாம் வேண்டாம் சாமி. ஆள் வேணும். இந்தக் காகிதத்தை யாருக்கும் அனுப்பிடாதீங்க."

ஜூட் சந்தோஷமாக லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "கை தட்டும்போதே ரெண்டு நாட்டுக்கும் மெயில் போயிருச்சும்மா. ஜெனீவாவுக்கும் ஒரு காப்பி." ஆட்சேபணை இருந்தால் அடுத்த வருஷப் பொதுக்குழுவில் எழுப்பலாம் என்றும் சொன்னார்.

மாசக் கடைசியில் தூதரகத்துக்காரர் கூப்பிட்டார். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. "ஃப்ளைட் லிஸ்ட்ல அவர் பேர் முதல் நாளே இருந்துச்சும்மா. சமையல்காரர்னு அவங்களே எழுதி வச்சிருந்தாங்க. லெட்டரைத் தேவைப்பட்டா காட்டலாம்னுதானே சொன்னேன்? உங்க ஊர்லேர்ந்து ஒரு பெரிய கருத்துரை வந்ததாம். அதைப் படிச்சுட்டு, தப்பா அனுப்பப் பார்த்தோமேன்னு இறக்கிட்டாங்க."

ஆனந்தவள்ளி போனைப் பிடித்தபடி வண்டிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரயிலுக்குப் போகிறவர்கள் டோக்கன் கேட்டுக் கேட்டுப் பார்த்து, வண்டியை நிறுத்திவிட்டுத் தாங்களாகவே போனார்கள். அன்றைக்கு அழுது தீர்த்தார். மறுநாள் அழுகை வரவில்லை, வயிறு மட்டும் எரிந்தது.

அந்த வாரம் பேரவையின் ஆண்டு விழா. அழைப்போடு ஜூட்டே வந்தார். பொன்னாடை இருப்பதாகச் சொன்னார். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று ஆனந்தவள்ளி போனார். மேடையில் ரங்கநாதனின் கையில் ஒரு கடிதம் இருந்தது.

"ஆஸ்பத்திரி மேல குண்டு போடாதேள்னு ஒவ்வொரு யுத்தத்திலேயும் எழுதினோம். ஒருத்தரும் பதில் போடலை. பள்ளிக்கூடத்தை விட்டுடுங்கோன்னு எழுதினோம். பதில் இல்லை. தண்ணிக் குழாயை உடைக்காதேள்னோம். அதுக்கும் இல்லை. போர்ச் சட்டத்தை இந்தக் காலத்திலே யார் மதிக்கறான்னு அடியேன் படுத்துண்டு யோசிச்ச நாளெல்லாம் உண்டு. இன்னிக்கு ஒரு தேசம் எழுதியிருக்கு. 'தங்கள் கருத்துரையை முழுமையாக ஏற்றுச் செயல்படுத்திவிட்டோம்.' நாப்பது வருஷத்துலே முதல் தடவை."

நடிப்பில்லை அது, ரங்கநாதன் நிஜமாகவே அழுதார். ஜூட் ஆனந்தவள்ளியை மேடைக்கு அழைத்தார். பொன்னாடை தோளில் விழுவதற்குள் அவர் மைக்குக்குப் போய்விட்டார்.

"ஒண்ணு கேக்கணும் சாமி. ஆஸ்பத்திரி மேல குண்டு போட்டவங்க யாராவது இந்தச் சட்டத்துல இதுவரைக்கும் மாட்டியிருக்காங்களா?"

"நாங்க எழுதினதிலே யாரும் இல்லைம்மா."

"பள்ளிக்கூடத்தை இடிச்சவங்க?"

"இல்லை."

"அப்ப இத்தனை போர்ல, இத்தனை பேர்ல, உங்க சட்டத்துல சிக்குனது சோறு போட்ட எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தானா?"

ரங்கநாதன் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். மனசுக்குள் நாற்பது வருஷத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமையோடு சொன்னார்.

"முதல் ஆள்."

கர்னல்தான் முதலில் எழுந்தார். அப்புறம் மண்டபமே எழுந்து நின்று தட்டியது. கேட்க வந்த மற்ற வார்த்தைகளை எங்கே கேட்பது என்று தெரியாமல் ஆனந்தவள்ளி இறங்கி வந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் ஏறினார்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. வாரம் ஒரு தடவை வீட்டோடு பேசுவது, பேரவை அழகிரிக்கு வாங்கிக் கொடுத்த உரிமைகளில் ஒன்று.

"என்ன வள்ளி, சத்தத்தையே காணோம். எங்க இருக்க?"

"பஸ்ல. ஒரு கூட்டத்துக்குப் போயிட்டு வரேன். மண்டபம் பூரா எழுந்திருச்சு நின்னு உங்களுக்குக் கை தட்டுனாங்க."

"எனக்கா? எதுக்கு?"

"நீங்க அங்கயே இருக்குறதுக்கு."